எட்டாம் எண்ணில் யாரும் இல்லை

சென்னியப்பன் செத்த சத்தம் யார் காதிலும் விழவில்லை. அன்று சனிக்கிழமை. காலை ஒன்பது நாற்பது, அன்றைய முதல் வார்ப்புக்கு மணி அடித்த நேரம். அந்த மணி அடித்துவிட்டால் பவுண்டரியில் இருநூறு பேரின் கண்ணும் உலைப் பக்கம் போய்விடும். ஆயிரத்து நானூறு டிகிரியில் இரும்பு வழிந்து வரும்போது வேறு பக்கம் பார்க்கிறவன் முட்டாள். மணி ஓய்ந்து, ஆரஞ்சு வெளிச்சம் அடங்கி, எல்லோரும் திரும்பியபோது ஷிப்ட் சூப்பர்வைசர் சென்னியப்பன் மணல் மேட்டில் மல்லாந்து கிடந்தான். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. ஆனால் அது பாதி அகலத்துக்கு நசுங்கியிருந்தது. உள்ளே இருந்த தலையும் அப்படித்தான்.

பக்கத்தில் நாச்சிமுத்து நின்றான். அவனுடைய வலது தோளில் தூக்குக்கை மாட்டியிருந்தது. அதன் எஃகு விரல்கள் மூடியபடி இருந்தன. விரல் இடுக்கில் முடி.

தூக்குக்கை வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தோளில் மாட்டி, உள்ளே இருக்கும் உறையில் கையை நுழைத்து, நீங்கள் விரலை மடக்கினால் வெளியே எஃகு விரல் மடங்கும். முந்நூறு கிலோ மணல் அச்சை ஒரு ஆள் தேங்காய் மாதிரி தூக்கிவிடலாம். கம்பெனி பத்து கை வாங்கியது. முதல் கையை மாட்டியவன் நாச்சிமுத்து. மாலை போட்டு, போட்டோ எடுத்து, மேனேஜர் விசாகன் கை தட்டினார்.

மேகலா இதையெல்லாம் பேனல் ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பவுண்டரியின் பெட்டிகளுக்கெல்லாம் பொறுப்பு அவள்தான். உலைக்கு ஒரு கன்ட்ரோலர் பெட்டி, கிரேனுக்கு ஒன்று, மணல் கலக்குவதற்கு ஒன்று என்று நாற்பத்தொரு பெட்டிகள். ஒன்றோடொன்று நாளெல்லாம் பேசிக்கொண்டே இருக்கும். எந்தப் பேச்சு யாருக்குப் போக வேண்டும் என்று வழி சொல்வது அவள் வேலை. இருபத்தேழு வயது. ரத்தத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

ஐந்து நிமிடத்தில் கதவு திறந்தது. விசாகனும் இரண்டு வாட்ச்மேன்களும் நாச்சிமுத்துவை உள்ளே தள்ளினார்கள். அவன் சட்டை கிழிந்திருந்தது. கன்னத்தில் யாரோ கடித்த மாதிரி ஒரு காயம்.

"அம்மிணி, போலீஸ் வர்ற வரைக்கும் இவன் இங்கயே இருக்கட்டும். இந்தக் கதவுதான் கெட்டி. வெளிய உட்டா கிழிச்சுப் போட்டுருவானுக," என்றார் விசாகன்.

"சார், கைய கழட்டலீங்களா?"

"சாவி செத்தவன் பாக்கெட்டுல இருக்குது. அவன்ற தம்பி பொணத்த யாரையும் தொட உடமாட்டீங்கறான்." கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கையைக் கழற்ற ஷிப்ட் சூப்பர்வைசரின் சாவி வேண்டும். அப்படித்தான் விதி. ஆள் நினைத்தபோதெல்லாம் கழற்றி வைத்துவிட்டு பீடி பிடிக்கப் போய்விடக் கூடாதாம்.

நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்தான். எஃகுக் கை 'ணங்' என்று தரையில் இடித்தது. மேகலா நாற்காலியோடு சுவர் வரைக்கும் பின்னால் போனாள். காக்காபாளையத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிற மனுஷன். தினம் 'சாப்ட்டீங்களா அம்மிணி' என்று கேட்கிறவன்.

"ஏனுங்ணா... என்னங்ணா ஆச்சு?"

"நான்தானுங் அம்மிணி."

"என்ன நீங்கதான்?"

"நான்தான் கொன்னேன்." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "போன வியாழக்கெழம அச்சு உழுந்து ஒடைஞ்சுதுன்னு எல்லார் முன்னாடியும் செருப்பால அடிச்சானுங்களே, பாத்தீங்கல்ல? இன்னைக்குக் காத்தால சொன்னான், 'உங்கப்பன் எங்கூட்டு வாசல்ல செருப்பக் கையில தூக்கீட்டு நின்னவன், உனக்கு இரும்புல கை கேக்குதா'ன்னு. மணி அடிச்சுது. எல்லாரும் அக்கட்ட திரும்பினாங்க. புடிச்சேன். அவ்வளவுதானுங்."

அதிர்ச்சியில் இருக்கிறவன் என்னவெல்லாமோ பேசுவான் என்று மேகலா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதுதான் வசதியாக இருந்தது.

போலீஸ் வரவில்லை. சூலூரில் ஏதோ ஊர்வலம். ஒரு மணி நேரம் ஓடியது. உலையில் மிச்சமிருந்த இரும்பு உறைந்தால் உலையே போய்விடும் என்று, பிணம் கிடக்கும்போதே மறுபடி வார்க்கச் சொல்லிவிட்டார் விசாகன். பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் கதவில் முதல் அடி விழுந்தது.

காளிச்சாமி. செத்தவனின் தம்பி. கிரைண்டிங் பிரிவில் வேலை. அவனோடு பத்துப் பன்னிரண்டு பேர், கையில் இரும்புக் கம்பி. கதவு கெட்டிதான், ஆனால் பூட்டு சாதாரணப் பூட்டு. நாலாவது அடியில் பிய்த்துக்கொண்டு வந்தது.

"எங்கடா அந்த நாயி!"

"காளிண்ணா வேண்டாங்ணா, போலீஸ் வந்துட்டிருக்குது..."

"அக்கட்டால போ புள்ள!"

முதல் அடி நாச்சிமுத்துவின் முட்டியில் விழுந்தது. எலும்பு சொடுக்கு எடுத்த மாதிரி சத்தம் போட்டது. இரண்டாவது அடி விலாவில். மூன்றாவது முதுகில். நாச்சிமுத்து கையைத் தூக்கவேயில்லை. இடது கையையும் தூக்கவில்லை, அந்த எஃகுக் கையையும் தூக்கவில்லை. முந்நூறு கிலோ தூக்குகிற கையைத் தொடையோரம் போட்டுக்கொண்டு, குனிந்து, அடியை வாங்கிக்கொண்டே இருந்தான். அதுதான் மேகலாவை அழவைத்தது.

காளிச்சாமி அவன் முடியைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினான். கம்பியை ஓங்கினான்.

தூரத்தில் வார்ப்பு மணி அடித்தது.

எஃகுக் கை தானாக எழுந்தது. விரல்கள் விரிந்து, காளிச்சாமியின் இடது கையைக் கவ்வி, மூடின. அவன் போட்ட அலறலில் பின்னால் நின்றவர்கள் கம்பியைக் கீழே போட்டார்கள். எஃகு விரல்கள் விட்டபோது அவனுடைய இரண்டு விரல் பின்பக்கமாக மடிந்து தொங்கியது.

"நானில்லீங்!" நாச்சிமுத்து கத்தினான். "இது நானில்லீங்! என்ற கை உள்ள சும்மாதான் இருக்குது! சாமி, நானில்லீங்!"

மேகலா திரையைப் பார்த்தாள். அங்கே ஒரு வரி சிவப்பில் மின்னியது. உலைப் பெட்டி முப்பத்தொன்றாம் பெட்டிக்கு அனுப்பிய செய்தி: 'பிடி, முழு விசை.' முப்பத்தொன்று பதில் சொல்லவில்லை. அதனால் செய்தி எட்டுக்குத் திருப்பப்பட்டது. எட்டு பதில் சொல்லியிருந்தது: 'பிடித்தேன்.'

எட்டா? எட்டில் யாருமே கிடையாதே!

எல்லாம் ஒரே நொடியில் அவளுக்குப் புரிந்துபோயிற்று. அப்படித்தான் அவள் நினைத்தாள்.

"நிறுத்துங்கோ!" என்று கத்தினாள். "அவரில்லீங்! கைதான்! கைதான் கொன்னுச்சு!"

ஒரு கம்பியின் முனை அவள் தொண்டையில் வந்து நின்றது. பிடித்திருந்தவன் கோபால்சாமி, லோடிங் ஆள், காளிச்சாமியின் சிநேகிதன். "என்ன புள்ள கதை உடற?"

"கதையில்லீங்ணா. சித்தே கேளுங்கோ. இங்க ஒவ்வொரு பெட்டிக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரு நம்பர் இருக்குது. ஏழு இருக்குது, ஒம்பது இருக்குது. எட்டு மட்டும் கெடையாது. பெரிய மொதலாளி அந்தக் காலத்துலயே எட்டு ஆகாதுன்னு உட்டுட்டாரு. அது காலி மனை."

"அதுக்கு?"

"ஏதாச்சும் பெட்டி கெட்டுப்போச்சுன்னா, அதுக்கு வர்ற மெசேஜ் போக எடமில்லாம நிக்கும். லைனே நின்னுரும். மேனேஜர் கத்துவாரு. அதனால ஆளில்லாத வீட்டுக்கு வர்ற தபாலையெல்லாம் எட்டாம் நம்பர்ல கொண்டுபோய்ப் போட்டுருன்னு ஒரு வரி எழுதி வெச்சிருந்துச்சு. காலி மனைதானே, போட்டா யாருக்கு நட்டம்? நாலு வருசமா அப்படித்தான் ஓடுது. இந்தக் கை இருக்குதுல்ல, மொதல்ல மாட்டறப்ப எந்த நம்பர் காலியா இருக்குதுன்னு அதுவே தேடி உக்காந்துக்கும். மொதல்ல மாட்டுனது நாச்சிமுத்தண்ணன் கை. போய் எட்டுல உக்காந்துருச்சு!"

காளிச்சாமியின் விரலிலிருந்து ரத்தம் சொட்டும் சத்தம் கேட்டது.

"பழைய ஷெட்டுல முப்பத்தொண்ணாம் பெட்டிய இன்னைக்கு ஒம்பது மணிக்குக் கழட்டிட்டாங்க. இதோ வேலைச் சீட்டு, பிட்டர் கையெழுத்து. அது அச்சைப் புடிக்கற மெஷினு. ஒவ்வொரு வார்ப்புக்கும் உலை அதுக்குத்தான் 'புடி'ன்னு சொல்லும். இப்ப ஆளில்ல. அந்த 'புடி' நேரா இவர் கைக்கு வருது. ஒம்பது நாப்பதுக்கு மணி அடிச்சுது. உங்கண்ணன் பக்கத்துல நின்னாரு. அவ்வளவுதாங்ணா!"

"பொய்," என்றான் காளிச்சாமி. பல்லைக் கடித்துக்கொண்டு, கையை வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டான். "நிரூபி. இல்லீன்னா ரெண்டு பேரையும் இங்கயே முடிச்சுப்போடுவேன்."

அடுத்த வார்ப்புக்கு ஏழு நிமிடம் இருந்தது.

அன்றைக்கு அமாவாசை. கேட்டில் திருஷ்டிக்குப் புதுசாக, உள்ளே குங்குமம் கரைத்து ஊற்றிய வெண்பூசணி கட்டியிருந்தார்கள். ஒருவன் ஓடிப்போய் அதை அறுத்துக்கொண்டு வந்தான். நாச்சிமுத்துவின் தோளைச் சுவரோரக் குழாயோடு கயிற்றால் கட்டினார்கள். தோள்பட்டைதான் சாவி இல்லாமல் கழலாது. உள்ளே உறையிலிருந்து கையை உருவலாம். அவன் தன் கையை வெளியே உருவி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டான். கறுத்து, வியர்த்த வெறுங்கை. எஃகுக் கை காலியாகத் தொங்கியது. அதன் விரல்களுக்கு நடுவே கோபால்சாமி பூசணியை வைத்துவிட்டுப் பின்னால் தாவினான்.

"அம்மிணி," என்று முனகினான் நாச்சிமுத்து. "நான் உங்ககிட்ட சொன்னது..."

"கம்முனு இருங்ணா!"

மணி அடித்தது. விரல்கள் மூடின. பூசணி வெடித்து, வெள்ளைச் சதையும் விதையும் குங்குமத் தண்ணீரும் சுவரெல்லாம் தெறித்தன. காளிச்சாமியின் முகத்திலும் ஒரு துண்டு ஒட்டியது. அவன் துடைக்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது பூசணி இல்லை.

அப்படியே மேகலா பக்கம் திரும்பிக் கேட்டான்: "எழுதி வெச்சிருந்துச்சுன்னு சொன்னியே. யாரு எழுதுனது?"

மேகலா பொய் சொல்லியிருக்கலாம். நாலு வருஷத்துக்கு முந்தைய வேலை, யார் தலையில் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

"நாந்தாங்ணா."

அவன் நல்ல கையால் விட்ட அறையில் அவள் மேஜை மேல் போய் விழுந்தாள். கீழுதடு கிழிந்தது. மறுபடி கையை ஓங்கினான். ஓங்கின கை அந்தரத்தில் நின்று, இறங்கி, அவனே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஆறு வயதுக் குழந்தை மாதிரி அண்ணனைக் கூப்பிட்டு அழுதான்.

மேகலா வாயில் ரத்தத்தோடு திரும்பி, அந்த ஒரு வரியை அழித்தாள். எட்டாம் எண் மறுபடி காலி மனை ஆயிற்று. பத்து கைகளுக்கும் அன்று மதியமே நாற்பத்துமூன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை புது எண் கொடுத்தாள்.

போலீஸ் வந்து இயந்திரக் கோளாறு என்று எழுதிக்கொண்டு போனது. கேட்டுக்கு வெளியே நாச்சிமுத்துவின் மகள் அப்பனைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாவி முறையை எடுத்துவிட்டார்கள்; இனி எவனும் தன் கையைத் தானே கழற்றிக்கொள்ளலாம். மேகலாவை வேலையை விட்டு எடுக்கவில்லை. அவளை எடுத்தால் அடுத்த நாள் லைனை ஓட்ட ஆள் கிடையாது.

இரண்டு வாரம் போனது. கேன்டீனில் வடை வரிசையில் இரண்டு பேருக்குத் தகராறு. ஒருவனுடைய தூக்குக்கை மற்றவனின் விலாவில் இறங்கியது. மூன்று எலும்பு.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?" என்று விசாகன் கத்தியபோது அவன் கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. "நானில்லீங் சார். எட்டு வந்துருச்சுங்."

மேகலா விசாகனிடம் போய்ச் சொன்னாள்: "சார், அவன் கை நாப்பத்தேழு. எட்டுன்னு ஒண்ணு இப்ப கெடையவே கெடையாது. அந்த வரிய அன்னைக்கே அழிச்சுட்டேன்."

"எனக்குத் தெரியுது. வெளிய சொல்லாத."

"ஏனுங் சார்?"

"எட்டுன்னா கோளாறு, லீவு குடுத்து அனுப்பீரலாம். எட்டு இல்லீன்னா கேஸு, கோர்ட்டு, சங்கம். எது நல்லது, நீயே சொல்லு."

அடுத்த வாரம் ஒருவனுக்கு மணிக்கட்டு உடைந்தது. அதற்கடுத்து விசாகனின் கார் கதவையே ஒரு கை பிய்த்துப் போட்டது. எல்லோரும் சிரித்தார்கள். "எட்டுக்கு மேனேஜரக் கண்டா புடிக்கல போல." கடன் கேட்டால், பெண் விஷயத்தில் முறைத்தால், "டேய், இன்னைக்கு எனக்கு எட்டு வரும்போல இருக்குதுடா" என்று சொல்வது வேடிக்கையாகிப் போனது. வேடிக்கையாகச் சொல்லும்போதே எதிரில் நிற்பவன் ஒரு எட்டு பின்னால் வைப்பான்.

ஒரு மதியம் பிட்டர் ஆறுச்சாமி பேனல் ரூமுக்கு டீ கொண்டு வந்தான். பேச்சுவாக்கில் மேகலா கேட்டாள்: "அண்ணா, நீங்க அன்னைக்கு முப்பத்தொண்ண ஒரு நாள் தள்ளிக் கழட்டியிருந்தா சென்னியப்பண்ணன் பொழச்சிருப்பாரு. என்னால அது மனசுலருந்து போகவே மாட்டீங்குது."

"அட, நான் எங்க அம்மிணி ஒம்பது மணிக்குக் கழட்டுனேன்?"

"சீட்டுல ஒம்பதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"சீட்டு காத்தால வந்தொடன எழுதிக் குடுக்கறது. சனிக்கெழம ஒம்பதுலருந்து பத்தர வரைக்கும் ராகுகாலம்! முப்பது வருசம் ஓடுன மெஷின ராகுகாலத்துல எவனாச்சும் புடுங்குவானா? பத்தர ஆகட்டும்னு பழைய ஷெட்டுல உக்காந்திருந்தேன். இங்க கொலை உழுந்த சங்கதியே எனக்குத் தெரியாது. பத்து முப்பத்தஞ்சுக்குக் கற்பூரம் காட்டிட்டுத்தான் கழட்டுனேன்."

டம்ளர் மேகலாவின் கையில் இருந்தது. டீ ஆறும்வரை அப்படியே இருந்தது.

அவன் போனதும் ஸ்டோருக்கு ஓடினாள். ஒவ்வொரு கைக்கும் உள்ளே ஒரு குறிப்பு உண்டு. வெளியிலிருந்து வந்த செய்தி ஒவ்வொன்றும் நேரத்தோடு அதில் பதிந்திருக்கும். கேஸ் இல்லாததால் யாரும் அதைத் திறக்கவில்லை. அவளும்தான். நாச்சிமுத்துவின் பழைய கையில் ஒயரைச் செருகினாள்.

அந்த வாரம் முழுக்க எட்டுக்கு வந்தவை இரண்டே செய்தி. முதலாவது பத்து நாற்பத்தொன்று. இரண்டாவது பத்து ஐம்பது. ஒன்பது நாற்பதில் ஒன்றுமில்லை. எந்தப் பெட்டியும் எந்தப் பேச்சும் பேசவில்லை.

முதல் தடவை 'நான்தானுங்' என்றவன், இரண்டாவது தடவை 'நானில்லீங்' என்று கத்தினான். இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அந்தப் பவுண்டரியில் அன்றைக்குப் பொய் பேசாத ஒரே ஆள் அவன்தான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவனுக்கு முட்டி இன்னும் சரியாகவில்லை, சாய்ந்து நின்றான்.

"நீங்கதானாண்ணா?"

அவனுக்குப் புரிந்தது. "நான் அன்னைக்கே சொன்னனுங்களே அம்மிணி."

"பொறவு எதுக்குக் கம்முனு இருந்தீங்க?"

"சொல்ல வந்தேன், நீங்க உடல. வெளிய வந்தா என்ற புள்ள கட்டிப்புடிச்சுக்கிட்டு, 'நீ செய்யலீன்னு எனக்குத் தெரியும்ப்பா'ன்னா. அப்பறம் எப்படிச் சொல்றது?" பஸ் வரும் திசையையே பார்த்தான். "தூங்கிப் பல நாளாச்சுங். எல்லாரும் என்னைப் பாவம்ங்கறாங்க. அந்தக் காளிச்சாமி எனக்குக் காப்பி வாங்கிக் குடுக்கறானுங் அம்மிணி. ஒடைஞ்ச கையில டம்ளரப் புடிச்சு நீட்டறான். நீங்க சொல்லணும்னா சொல்லுங்கோ. நான் ஓட மாட்டேன்."

மேகலா சொல்லவில்லை. சொன்னால் காளிச்சாமி இவனை ஒரு ராத்திரி கூட விடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். குறிப்பு இருந்த கையை ஸ்டோரில் பின்வரிசையில் தள்ளி, மேலே பழைய தார்ப்பாயைப் போட்டு மூடினாள்.

மூடின நாலாம் நாள் மணல் கலக்கும் பிரிவிலிருந்து பழனாத்தாள் வந்தாள். முப்பது வயதுக்காரி, வாய் கொஞ்சம் நீளம், எல்லோரையும் கேலி செய்வாள். அன்றைக்குக் கேலி இல்லை.

"அம்மிணி, அந்த லோடிங் கோபால்சாமி இருக்கறானே, அவன்ற கைய ஆப் பண்ணி வெக்க முடியுமா உன்னால?"

"எதுக்குங்க்கா?"

"தெனமும் பின்னாலயே வர்றான். நேத்து செருப்பக் காட்டினேன். 'உனக்கு ஒரு நாளைக்கு எட்டு வரும்டீ'ங்கறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான், ஆனா அவன் கண்ணு சிரிக்கல."

"மேனேஜர்கிட்ட சொல்லுங்க்கா. நான் அப்படியெல்லாம் ஆப் பண்ண முடியாது."

"சொன்னேன். அதெல்லாம் கிண்டல், கண்டுக்காதன்னாரு." கதவுப் பக்கம் திரும்பினாள். "சரி உடு."

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் தொடங்கிப் பத்து நிமிடத்தில், மணல் மேட்டுக்குப் பின்னால், கோபால்சாமியின் எஃகு விரல்கள் பழனாத்தாளின் கழுத்தைப் பிடித்து மூடின. அவளைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கியிருக்கிறது கை. ஒரு செருப்பு இங்கே, ஒரு செருப்பு அங்கே. மேகலா ஓடி வந்தபோது அவள் வாயில் மணல் இருந்தது, கண் திறந்திருந்தது. கோபால்சாமி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"எட்டுங்," என்றான். "என்ன பண்றது? பாவம்."

சாவு இரண்டு ஆனதும் கோயமுத்தூரிலிருந்து தொழிற்சாலை ஆய்வாளர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். நரைத்த கிராப், சலித்த முகம். மதியம் எல்லோரையும் அச்சு ஷெட்டில் நிற்கவைத்தார். பெட்டிகளுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார். மேகலா முன்னால் வந்தாள்.

"இந்த எட்டுங்கறது இன்னைக்கும் வந்துச்சாம்மா?"

"வரலீங் சார். அந்த வரிய நான் ஒரு மாசம் முன்னாடியே அழிச்சுட்டேன்."

கோபால்சாமி சிரித்தான். "அழிச்சேன்னு சொல்றவதானுங் சார் எழுதுனவளும். அன்னைக்கும் இவளுக்குத் தெரியாமத்தான வந்துச்சு? இன்னைக்கும் தெரியாம வந்திருக்கும்." கூட்டத்தில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். மேகலாவைப் பார்த்தால் யாருக்கும் நம்பத் தோன்றவில்லை. உதட்டில் தழும்பு வேறு.

"அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கும்மா," என்றார் ஆய்வாளர். "வரலீன்னு எப்படிக் காட்டுவே?"

காட்டுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. அதைத் திறந்தால் எது எதுவெல்லாம் திறக்கும் என்று தெரிந்தேதான் அவள் ஒயரை எடுத்தாள். பழனாத்தாளின் ஒரு செருப்பு இன்னும் மணல் மேட்டில் கிடந்தது.

"ஒவ்வொரு கைக்குள்ளயும் குறிப்பு இருக்குதுங் சார். வெளிய இருந்து மெசேஜ் வந்தா நேரத்தோட பதிஞ்சுக்கும். அழிக்க முடியாது." கோபால்சாமியின் கையில் ஒயரைச் செருகி, லேப்டாப் திரையை ஆய்வாளர் பக்கம் திருப்பினாள். "இவர் கை நாப்பத்தாறு. இன்னைக்கு இதுக்கு ஒரு மெசேஜும் வரல. இந்த மாசம் முழுக்க வரல. புடிச்சது இவர் வெரலு."

கோபால்சாமி எழுந்தான். போலீஸ்காரர்கள் இருவரும் மேல் விழுந்து அமுக்கினார்கள். எஃகுக் கை ஒருவனின் தோளை உடைத்துவிட்டுத்தான் அடங்கியது. பட்டையை அறுத்து எடுத்தார்கள். அடி உதையோடு அவனை இழுத்துப் போனார்கள். அந்தக் கூச்சல் கேட்டைத் தாண்டிப் போன பிறகு ஷெட்டில் விழுந்த அமைதியில் ஒரு குரல் கேட்டது.

"அம்மிணி."

காளிச்சாமி. கூட்டத்துக்கு நடுவிலிருந்து மெதுவாக வந்தான். விரல் உடைந்த இடது கையால் பாரம் தூக்க முடியாது என்று போன வாரம்தான் அவனுக்கு வலது தோளில் தூக்குக்கை கொடுத்திருந்தார்கள்.

"எல்லாக் கைக்குள்ளயும் குறிப்பு இருக்குதுன்னியே. அப்ப எட்டுலயும் இருக்குமில்ல?"

"இருக்குதுங்ணா."

"பாத்தியா?"

மேகலா திரும்பினாள். நாச்சிமுத்து தூண் பக்கத்தில் நின்றான். அவள் பார்ப்பதற்காகவே காத்திருந்தவன் போல மெல்லத் தலையை அசைத்தான். ஆச்சரியமோ பயமோ இல்லை. இடது கையை வலது தோளுக்குக் கொண்டுபோய்ப் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினான். முதல் கொக்கி. இரண்டாவது கொக்கி.

"பாத்தேன்."

"எங்கண்ணன் செத்தது ஒம்பது நாப்பது."

"ஆமாங்ணா." அவள் காளிச்சாமியின் பக்கம் திரும்பினாள். "எட்டுக்கு மொத மெசேஜ் வந்தது பத்து நாப்பத்தொண்ணு."

மூன்றாவது கொக்கி கழன்றது. நாச்சிமுத்து தன் எஃகுக் கையைத் தரையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு நிமிர்ந்து நின்றான்.

காளிச்சாமி அவனை நோக்கி நடந்தான். ஆய்வாளர் ஏதோ கத்தினார். யாரும் குறுக்கே போகவில்லை. நடக்க நடக்க அவன் வலது பக்கத்தில் எஃகு விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

அந்தக் கையின் எண் ஐம்பத்திரண்டு. அதற்கு யாரும் எந்தச் செய்தியும் அனுப்பவில்லை.